பேரேடு தொலைந்த இரவு: ரெக்கவரி கேட்டலாக் இல்லாமல் ஆரக்கிள் தரவுத்தளத்தை மீட்பது

நள்ளிரவு தாண்டி ஒன்றேமுக்கால் மணி. நான் அப்போது வேலை பார்த்த அலுவலகத்தில் ஸ்டோரேஜ் பெட்டியின் ஒரு பகுதி செயலிழந்துவிட்டது. தரவுத்தளத்தின் கோப்புகள் எங்கே என்று சொல்லும் கன்ட்ரோல் ஃபைலின் மூன்று பிரதிகளும் அதில்தான் இருந்தன. மூன்று பிரதி வைக்க வேண்டும் என்ற விதியை யாரோ எப்போதோ மதித்து, மூன்றையும் ஒரே டிஸ்க்கில் வைத்துவிட்டுப் போயிருந்தார். டேட்டாஃபைல்களில் பாதியும் அங்கேயே. நல்லவேளையாக பேக்கப் வேறு சர்வரில் இருந்தது. நெட்வொர்க் வழியாக இணைத்திருந்த அந்த டைரக்டரியைத் திறந்து பார்த்தால், கன்ட்ரோல் ஃபைலின் ஆட்டோபேக்கப் கோப்புகள் வரிசையாகக் கிடந்தன.

ஆனால் அவை ஒரே தரவுத்தளத்தின் கோப்புகள் அல்ல. கோப்புப் பெயர்களில் மூன்று வெவ்வேறு பத்து இலக்க எண்கள் இருந்தன. ஒன்று எங்கள் உற்பத்தித் தரவுத்தளம். மற்ற இரண்டும் அதிலிருந்து பிரதியெடுத்த சோதனைத் தரவுத்தளங்கள். மூன்றுக்கும் ஒரே பெயர். எந்த எண் எங்களுடையது என்று அந்த அறையில் இருந்த நான்கு பேரில் ஒருவருக்கும் தெரியவில்லை. பெயர் வேறாக இருந்திருந்தால், தவறான கன்ட்ரோல் ஃபைலை வைத்து மவுண்ட் செய்யும்போதே ஆரக்கிள் மறுத்திருக்கும். பெயர் ஒன்றாக இருந்ததால் மறுத்திருக்காது. சோதனைத் தரவுத்தளத்தின் கணக்கை வைத்துக்கொண்டு உற்பத்தித் தரவுத்தளத்தை மீட்கப் புறப்பட்டிருப்போம். கடைசியில் எட்டு மாதத்துக்கு முந்தைய ஒரு பேக்கப் மின்னஞ்சலின் முதல் வரிகளில் அந்த எண் கிடைத்தது. தேடுவதற்கு ஐம்பது நிமிடம் ஆயிற்று. மீட்பு வேலையைவிட அந்த ஐம்பது நிமிடம்தான் எனக்கு நெடுநாள் மனத்தில் நின்றது.

பேக்கப் கணக்கை வேறொரு தரவுத்தளத்தில் வைக்கும் ரெக்கவரி கேட்டலாக் எங்களிடம் இல்லை. இருந்திருந்தால் அந்தத் தேடல் தேவைப்பட்டிருக்காது என்று மறுநாள் பலர் சொன்னார்கள். அது உண்மைதான். ஆனாலும் அது பாதி உண்மைதான் என்று இத்தனை ஆண்டு அனுபவத்துக்குப் பிறகு சொல்வேன். கேட்டலாக் இல்லாமல் ஒரு தரவுத்தளத்தை எப்படிக் காப்பது, எப்படி மீட்பது, அதில் எங்கெங்கே இடறுகிறார்கள், கேட்டலாக் உண்மையில் யாருக்குத் தேவை என்பதை ஒருசேரப் பார்ப்பதே இந்தக் கட்டுரை.

ஆரக்கிளில் பேக்கப் எடுக்கும் கருவியின் பெயர் ரெக்கவரி மேனேஜர். சுருக்கமாக ஆர்மேன். 1997இல் வந்த ஆரக்கிள் 8 பதிப்போடு அறிமுகமானது. அதற்கு முன்பு டிபிஏ எனப்படும் தரவுத்தள நிர்வாகி ஒவ்வொரு டேபிள்ஸ்பேஸையும் பேக்கப் நிலைக்கு மாற்றி, கோப்புகளைத் தானே காப்பி செய்து, எந்தக் கோப்பு எப்போது எங்கே போனது என்பதையும் தானே எழுதி வைப்பார். ஆர்மேன் வந்ததும் அந்தக் கணக்கெழுதும் வேலை கருவியின் கைக்கு மாறியது. அந்தக் கணக்கை எங்கே எழுதுவது?

இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று, தரவுத்தளத்தின் கன்ட்ரோல் ஃபைல். எல்லாத் தரவுத்தளத்துக்கும் அது கட்டாயம் இருக்கும். டேட்டாஃபைல்கள் எங்கே, மாற்றங்களைப் பதியும் ரீடூ லாக்குகள் எங்கே, கடைசியாக எந்தப் புள்ளிவரை எழுதியாயிற்று என்ற அடிப்படைத் தகவல்களோடு, பேக்கப் விவரங்களையும் ஆர்மேன் அதில் எழுதிவிடும். இன்னொன்று, வேறொரு தரவுத்தளத்தில் தனி ஸ்கீமாவாக அமைக்கும் ரெக்கவரி கேட்டலாக். அது விருப்பப்பட்டால் மட்டும். கடைக்காரர்கள் வைத்திருந்த பேரேட்டை நினைத்துக்கொள்ளுங்கள். கடையில் இருப்பது கன்ட்ரோல் ஃபைல். அதைப் பார்த்து எழுதி, வேறு வீட்டில் வைத்திருக்கும் பிரதி கேட்டலாக். முதலில் எழுதப்படுவது எப்போதும் கடைப் பேரேட்டில்தான். கேட்டலாக் அதிலிருந்து அவ்வப்போது நிரப்பிக்கொள்கிறது. இந்த வரிசையைப் பலர் தலைகீழாகப் புரிந்துவைத்திருக்கிறார்கள். கேட்டலாக்தான் மூலம், கன்ட்ரோல் ஃபைல் துணை என்று நினைக்கிறார்கள். அப்படியல்ல. ஆர்மேனைக் கேட்டலாக் எதையும் குறிப்பிடாமல் தொடங்கினால், இன்று அது கன்ட்ரோல் ஃபைலை மட்டும் நம்பியே வேலை செய்கிறது. நோகேட்டலாக் என்று தனியாகச் சொல்லவும் வேண்டாம்.

ஆகவே கேட்டலாக் இல்லாத வழி குறைபட்ட வழி அல்ல. அதுதான் அடிப்படை வழி. அதன் பலமும் பலவீனமும் கன்ட்ரோல் ஃபைலின் பலமும் பலவீனமுமே. அதனால் அந்தக் கோப்பின் இரண்டு குணங்களைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும்.

முதல் குணம் மறதி. கன்ட்ரோல் ஃபைலுக்குள் இரண்டு வகைப் பகுதிகள் உண்டு. டேட்டாஃபைல், ரீடூ லாக் போன்றவற்றின் பதிவுகள் தானாக அழியாதவை. பேக்கப் பதிவுகளும், நிரம்பிய ரீடூ லாக்கின் பிரதியான ஆர்க்கைவ் லாக் பதிவுகளும் இருக்கும் பகுதி வேறு வகை. அது நிரம்பினால் சுற்றி வந்து பழைய பதிவின் மேலேயே புதியதை எழுதிக்கொள்ளும். எத்தனை நாள் பழைய பதிவின் மேல் எழுதலாம் என்பதை கன்ட்ரோல் ஃபைல் ரெக்கார்டு கீப் டைம் என்ற பாராமீட்டர் தீர்மானிக்கிறது. அதன் இயல்பு மதிப்பு 7 நாள். அதிகபட்சம் 365. குறித்த நாளுக்கு உட்பட்ட பதிவு என்றால் மேலெழுதாமல் அந்தப் பகுதியை விரித்துக்கொள்ளப் பார்க்கும். நாள் கடந்துவிட்டால் தயங்காமல் மேலெழுதிவிடும்.

இங்கேதான் பலர் அறியாமல் விழுகிறார்கள். 30 நாள் பேக்கப் வேண்டும் என்று ரிட்டென்ஷன் பாலிசியில் எழுதியிருப்பார்கள். கீப் டைம் 7 நாளிலேயே நிற்கும். இரண்டையும் ஆர்மேன் ஒப்பிட்டுச் சண்டை போடாது. மாதங்கள் ஓடும். ஒருநாள் ஒரு கணக்காளர் வந்து, இருபத்தைந்து நாளுக்கு முந்தைய நிலையில் ஓர் அட்டவணையைப் பார்க்க வேண்டும் என்பார். பேக்கப் கோப்பு டிஸ்க்கில் கண்ணெதிரே இருக்கும். ஆர்மேனோ, டேட்டாஃபைல் 1க்கு பேக்கப்பே இல்லை என்று ஆர்மேன்-06023 பிழையைக் காட்டும். கோப்பு தொலையவில்லை. கோப்பைப் பற்றிய நினைவுதான் தொலைந்தது. இதற்கு மறுபக்கமும் உண்டு. நினைவில் இல்லாத பேக்கப்பை, காலாவதியானவற்றை அழிக்கும் கட்டளையும் அழிக்காது. டிஸ்க் ஏன் நிரம்பிக்கொண்டே போகிறது என்று யாரும் புரியாமல் தவிப்பார்கள்.

இதற்கான கணக்கு எளிது. 14 நாளுக்குள் எந்த நேரத்துக்கும் திரும்பிப் போக முடிய வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். முழு பேக்கப் வாரம் ஒருமுறை. 14ஆம் நாளின் தொடக்கத்துக்குப் போக வேண்டுமென்றால் அதற்கு முன்பே எடுத்த முழு பேக்கப் வேண்டும். அது மேலும் 7 நாள் பழையதாக இருக்கலாம். 14, 7, கூடவே ஓரத்துக்கு ஒரு நாள். ஆக 22. கீப் டைமை 22க்குக் குறையாமல் வைத்தால் போதும். கேட்டலாக் இல்லாத இடத்தில் நான் போய் முதலில் பார்ப்பது இந்த ஓர் எண்ணைத்தான். பத்தில் ஏழு இடங்களில் அது 7 என்றே இருந்திருக்கிறது.

இரண்டாவது குணம் இதைவிடக் கடினமானது. பேக்கப்பின் கணக்கு எதில் இருக்கிறதோ, அதே கோப்பு தரவுத்தளத்தோடு சேர்ந்து அழியக்கூடும். பெட்டகத்தின் சாவி பெட்டகத்துக்குள்ளேயே இருக்கிறது. ஆரக்கிள் கன்ட்ரோல் ஃபைலை எட்டுப் பிரதிகள்வரை வைத்துக்கொள்ள அனுமதிக்கிறது. வெவ்வேறு டிஸ்க்குகளில் வைத்தால் ஒன்று போனாலும் இன்னொன்றைக் காப்பி செய்து பழையபடி திறக்கலாம். மீட்பு எதுவும் தேவையில்லை. ஆனால் பிரதி என்பது பேக்கப் ஆகாது. தவறான கட்டளை ஒன்று எட்டுப் பிரதிகளிலும் ஒரே நொடியில் பதிந்துவிடும். சர்வரே போனால் எட்டும் போகும்.

அதற்காகத்தான் ஆட்டோபேக்கப் வந்தது. 9ஐ பதிப்பில் அறிமுகமான இந்த வசதியே கேட்டலாக் இல்லாத மீட்பை நம்பத்தக்கதாக ஆக்கியது என்பது என் கருத்து. ஒவ்வொரு பேக்கப் முடிந்ததும், புதிய டேட்டாஃபைல் சேர்ப்பது போன்ற கட்டமைப்பு மாற்றம் நடந்ததும், கன்ட்ரோல் ஃபைலையும் எஸ்பிஃபைல் என்ற பாராமீட்டர் கோப்பையும் தானாக எடுத்து வைத்துவிடும். பழைய பதிப்புகளில் இது அணைந்த நிலையிலேயே வரும். நாமே போட வேண்டும். அணைந்திருந்தாலும் டேட்டாஃபைல் 1 பேக்கப் ஆகும்போது கன்ட்ரோல் ஃபைலும் கூடவே போகும். ஆனால் அதற்குப் பின் எடுத்த பேக்கப் கோப்புகளைப் பற்றி அந்தப் பிரதிக்குத் தெரியாது. பேக்கப் முடிந்த பிறகு எழுதும் பேரேட்டுக்கும், நடுவில் எழுதும் பேரேட்டுக்கும் உள்ள வேறுபாடு அது.

ஆட்டோபேக்கப்பின் உயிர் அதன் பெயரில் இருக்கிறது. சி-1234567890-20240314-00 என்ற வடிவம். முதலில் பத்து இலக்கத்தில் தரவுத்தளத்தின் அடையாள எண்ணான டிபிஐடி. அடுத்து ஆண்டு, மாதம், நாள். கடைசியில் அன்றைய வரிசை எண், பதினாறடிமான முறையில் 00 முதல் எஃப்எஃப் வரை. இந்தப் பெயரை ஏன் இப்படி அமைத்தார்கள்? ஒன்றுமே நினைவில் இல்லாத ஆர்மேனுக்கும் இந்தப் பெயரை ஊகிக்க முடியும். டிபிஐடி மட்டும் சொன்னால் போதும். இன்றைய தேதியில் எஃப்எஃப், அதாவது 255இல் தொடங்கி இறங்கிக்கொண்டே வந்து, இல்லையென்றால் நேற்று, முந்தாநாள் என்று இயல்பாக ஏழு நாள்வரை பின்னோக்கித் தேடும். வேண்டுமென்றால் 366 நாள்வரை தேடச் சொல்லலாம். கேட்டலாக் இல்லை, கன்ட்ரோல் ஃபைல் இல்லை, பாராமீட்டர் கோப்பும் இல்லை. ஓர் எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் மீட்டெடுக்க முடிகிறது. இதை முதன்முதலில் செய்து பார்த்த நாளில் எனக்கு உண்மையாகவே மெய்சிலிர்த்தது.

ஆனால் இரண்டு பொறிகள் இங்கே உண்டு. ஃபாஸ்ட் ரெக்கவரி ஏரியா என்ற பொதுவிடம் அமைக்காமல், வேறு இடமும் குறிப்பிடாமல் விட்டால், லினக்ஸில் ஆட்டோபேக்கப் ஆரக்கிள் நிறுவிய டைரக்டரிக்குள் டிபிஎஸ் என்ற உள் டைரக்டரியில் போய் உட்காரும். சர்வரோடு அதுவும் போகும். சரி, வேறு இடத்துக்கு மாற்றலாம் என்று கான்ஃபிகர் கட்டளையால் நெட்வொர்க் டைரக்டரியைக் குறிப்பிடுகிறோம். அந்தக் குறிப்பு எங்கே சேமிக்கப்படுகிறது? கன்ட்ரோல் ஃபைலில். கன்ட்ரோல் ஃபைல் தொலைந்த இரவில், அதன் பேக்கப் எங்கே என்ற தகவலும் கூடவே தொலைந்திருக்கும். ஆர்மேன் தன் இயல்பான இடத்தில் தேடிவிட்டு, ஆட்டோபேக்கப் எதுவும் கிடைக்கவில்லை என்று ஆர்மேன்-06172 பிழையைக் காட்டும். அப்போது செட் கட்டளையால் அந்த இடத்தை மறுபடி சொல்லித் தர வேண்டும். சொல்வதற்கு அது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். டிபிஐடியையும் ஆட்டோபேக்கப் இருக்கும் இடத்தையும் தரவுத்தளத்துக்கு வெளியே எழுதிவைக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

இனி மீட்பைப் பார்ப்போம். சர்வர் புதிது, ஆரக்கிள் மென்பொருள் மட்டும் நிறுவியிருக்கிறது, பேக்கப் டைரக்டரி இணைத்தாயிற்று என்று கொள்வோம். ஆர்மேனைத் திறந்து முதலில் செட் டிபிஐடி. பிறகு ஸ்டார்ட்அப் நோமவுண்ட். பாராமீட்டர் கோப்பு இல்லை என்று புலம்பிவிட்டு, எஸ்பிஃபைலை மீட்பதற்காக மட்டும் கோப்பின்றி இன்ஸ்டன்ஸைத் தொடங்குகிறேன் என்று ஆர்மேனே சொல்லும். அந்த வரியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஆட்டோபேக்கப் இடத்தைச் சொல்லி, ரீஸ்டோர் எஸ்பிஃபைல் ஃப்ரம் ஆட்டோபேக்கப். நிறுத்திவிட்டு, மீட்ட எஸ்பிஃபைலோடு மறுபடி நோமவுண்ட். அடுத்து ரீஸ்டோர் கன்ட்ரோல்ஃபைல் ஃப்ரம் ஆட்டோபேக்கப். கோப்பின் முழுப் பெயரே தெரிந்தால் ஆட்டோபேக்கப் என்பதற்குப் பதில் அந்தப் பெயரையே கொடுக்கலாம். அப்போது டிபிஐடி தேவைப்படாது. பிறகு மவுண்ட்.

மவுண்ட் ஆன அந்தக் கணத்தில் பேரேடு கைக்கு வந்துவிட்டது. பேக்கப் பட்டியல் தெரிகிறது, கான்ஃபிகர் அமைப்புகள் எல்லாம் திரும்பிவிட்டன. இதற்குப் பிறகு கேட்டலாக் உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் வேலை கிட்டத்தட்ட ஒன்றுதான். ரீஸ்டோர் டேட்டாபேஸ், ரெகவர் டேட்டாபேஸ்.

ஒரு வேறுபாடு மட்டும் நிற்கிறது. மீட்ட பேரேடு கடைசி ஆட்டோபேக்கப் நேரத்தோடு நின்றுபோனது. அதற்குப் பின் உருவான ஆர்க்கைவ் லாக்குகளைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. ஃபாஸ்ட் ரெக்கவரி ஏரியாவில் கிடப்பவற்றை ஆர்மேன் தானே கண்டுபிடித்துச் சேர்த்துக்கொள்ளும். வேறு இடத்தில் இருப்பவற்றுக்கு 10ஜி பதிப்பில் வந்த ஒரு கட்டளை இருக்கிறது: கேட்டலாக் ஸ்டார்ட் வித். ஒரு டைரக்டரியின் பாதையைக் கொடுத்தால், அதில் உள்ள பேக்கப் கோப்புகள், ஆர்க்கைவ் லாக்குகள் எல்லாவற்றையும் திறந்து, தலைப்பைப் படித்து, பேரேட்டில் எழுதிக்கொள்ளும். பெயரில் கேட்டலாக் என்று இருந்தாலும் இதற்கும் ரெக்கவரி கேட்டலாக்குக்கும் கட்டாயத் தொடர்பு எதுவும் இல்லை. கன்ட்ரோல் ஃபைலிலேயே எழுதும். முன்பு சொன்ன மறதி நோய்க்கும் இதுதான் மருந்து. இருபத்தைந்து நாள் பழைய பேக்கப் கோப்பு டிஸ்க்கில் இருக்கும்வரை, இந்த ஒரு கட்டளை அதை நினைவுக்குக் கொண்டுவந்துவிடும். ஏனென்றால் ஒவ்வொரு பேக்கப் கோப்பும் தன்னைப் பற்றிய விவரத்தைத் தன் தலைப்பிலேயே சுமந்துகொண்டிருக்கிறது. கணக்குப் புத்தகம் எரிந்தாலும் மூட்டைகளின் மேல் ஒட்டிய சீட்டுகள் மிஞ்சும்.

ரெகவர் ஓடும்போது புதியவர்கள் அதிர்ந்துபோகும் இடம் ஒன்று. லாக்குகளை வரிசையாகப் போட்டுக்கொண்டே வந்து, கடைசியில் ஆர்மேன்-06054 என்று, தெரியாத ஒரு லாக்கைக் கேட்டு நின்றுவிடும். மீட்பு தோற்றுவிட்டதாக நினைத்து ஆரம்பத்திலிருந்து மறுபடி தொடங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் அதன் பொருள், கையிலுள்ள லாக்குகள் தீர்ந்துவிட்டன என்பது மட்டுமே. அது கேட்கும் வரிசை எண் நம்மிடம் உண்மையிலேயே இல்லைதானா, வேறு டைரக்டரியில் ஒளிந்திருக்கிறதா என்று ஒருமுறை சரிபார்த்துவிட்டு அடுத்த படிக்குப் போகலாம். ஆன்லைன் ரீடூ லாக்குகள் தப்பியிருந்தால் ஒரு பரிவர்த்தனைகூட இழக்காமல் முழுதாக மீட்க முடியும். அவை போயிருந்தால் கடைசி ஆர்க்கைவ் லாக்வரை மட்டுமே. ஆர்மேன் ஆன்லைன் ரீடூ லாக்கை ஒருபோதும் பேக்கப் எடுப்பதில்லை என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

முடிவில் ஓப்பன் ரீசெட்லாக்ஸ். பேக்கப்பிலிருந்து மீட்ட கன்ட்ரோல் ஃபைல் என்றால் டேட்டாஃபைல்கள் சேதமின்றி இருந்தாலும் இப்படித்தான் திறக்க வேண்டும். லாக் வரிசை மறுபடி 1லிருந்து தொடங்கும். தரவுத்தளத்துக்கு இன்கார்னேஷன் என்ற புதுப் பிறவி கிடைக்கும். 10ஜிக்கு முன்பு இந்தக் கோட்டைத் தாண்டி மீட்பது பெரும்பாடாக இருந்தது. அதனால் திறந்த உடனே முழு பேக்கப் எடுப்பது கட்டாயம் என்றே சொல்லித் தந்தார்கள். இன்று பழைய பிறவியின் பேக்கப்பிலிருந்து கோட்டைத் தாண்டி மீட்க முடியும். என்றாலும் திறந்ததும் ஒரு முழு பேக்கப்பை ஓடவிடும் பழைய வழக்கத்தை நான் விடவில்லை.

ஆட்டோபேக்கப்பும் கிடைக்காத நிலைமை வந்தால்? டேட்டாஃபைல்கள் மிஞ்சியிருந்தால் கன்ட்ரோல் ஃபைலைப் புதிதாக உருவாக்கலாம். தரவுத்தளத்தில் உள்ள எல்லா டேட்டாஃபைல்களின் பெயர்களும் லாக்குகளின் பெயர்களும் கேரக்டர் செட்டும் தெரிய வேண்டும். இவற்றையெல்லாம் படிக்கக்கூடிய எழுத்து வடிவில் கொட்டித்தரும் கட்டளை ஒன்று உண்டு. பேக்கப் கன்ட்ரோல்ஃபைல் டு ட்ரேஸ் என்பது அது. வாரம் ஒருமுறை அதை ஓட்டி, வெளியே வந்த கோப்பை வேறிடத்தில் போட்டுவைத்தால் சில கிலோபைட்டுகளில் பெரிய காப்பீடு. இப்படிப் புதிதாக உருவாக்கிய கன்ட்ரோல் ஃபைலில் பேக்கப் கணக்கு காலியாக இருக்கும். அங்கேயும் கேட்டலாக் ஸ்டார்ட் வித் கைகொடுக்கும். டேட்டாஃபைல்களும் இல்லை, பேக்கப் துண்டுகள் மட்டும் இருக்கின்றன என்றால், ஆர்மேனே உள்ளுக்குள் அழைக்கும் டிபிஎம்எஸ் பேக்கப் ரீஸ்டோர் என்ற பேக்கேஜை நேரடியாக அழைத்து ஒவ்வொரு கோப்பாக வெளியே இழுப்பது கடைசி வழி. அது தேர்ந்தவர்களுக்கும் வியர்க்கும் வேலை. அந்தக் கட்டத்துக்கு வரவிடாமல் பார்த்துக்கொள்வதே டிபிஏவின் கடமை.

எந்த வழியில் போனாலும் ஆர்மேன் தொடாத சில பொருள்கள் உண்டு. பாஸ்வேர்டு ஃபைல், நெட்வொர்க் அமைப்புக் கோப்புகள், குறியாக்கம் செய்த தரவுத்தளம் என்றால் அதன் சாவி இருக்கும் வாலட். முதல் இரண்டையும் மறுபடி உருவாக்கிவிடலாம். வாலட் போனால் பேக்கப் முழுசாக இருந்தும் பயனில்லை. குறியாக்கத்தைத் திறக்க வேறு வழி கிடையாது. வாலட்டின் பிரதியைப் பேக்கப்போடு ஒரே இடத்தில் வைப்பதும் தவறு. பேக்கப்பைத் திருடுகிறவர் சாவியையும் சேர்த்து எடுத்துப்போவார்.

இப்போது கேட்டலாக்கின் பக்கம் நின்று பேச வேண்டும். அது தரும் நன்மைகள் உண்மையானவை. கன்ட்ரோல் ஃபைலின் மறதி அதற்கு இல்லை. எத்தனை ஆண்டுக் கணக்கையும் வைத்திருக்கும். ஓர் ஆண்டுக்கு முன் தரவுத்தளத்தில் எந்தெந்த டேட்டாஃபைல்கள் இருந்தன என்று கேட்டால் சொல்லும். பேக்கப்பை என்றென்றைக்கும் வைத்திரு என்று குறிப்பதற்குக் கேட்டலாக் கட்டாயம் வேண்டும். ஸ்கிரிப்டுகளை உள்ளேயே சேமிக்கலாம். டேட்டா கார்டு அமைப்பில் ஸ்டாண்ட்பை என்ற துணைத் தரவுத்தளத்தில் எடுத்த பேக்கப்பைக் கொண்டு பிரைமரி என்ற முதன்மைத் தரவுத்தளத்தை மீட்பது கேட்டலாக் இருந்தால் தடையின்றி நடக்கிறது. அது இல்லையென்றால் ஒவ்வொன்றையும் கையால் பதிய வேண்டும். ஐம்பது அறுபது தரவுத்தளங்களைச் சிலரே கவனிக்கும் இடத்தில், எதற்கு நேற்று பேக்கப் ஆகவில்லை என்று ஒரே கேள்வியில் தெரிந்துகொள்வது பெரிய நிம்மதி. அப்படிப்பட்ட இடங்களில் கேட்டலாக் வைக்காமல் இருப்பது சரியல்ல என்றே சொல்வேன்.

இரண்டு மூன்று தரவுத்தளங்கள் உள்ள இடத்தில் என் தீர்ப்பு வேறு. கேட்டலாக் என்பது இன்னொரு தரவுத்தளம். அதற்கு ஒரு சர்வர் வேண்டும், பராமரிப்பு வேண்டும். மூலத் தரவுத்தளங்களைப் புதிய பதிப்புக்கு ஏற்றும்போது கேட்டலாக் ஸ்கீமாவையும் ஏற்ற வேண்டும். கை தவறி ஓட்டிவிடக் கூடாது என்பதற்காக அந்த அப்கிரேடு கட்டளையை ஆர்மேன் இருமுறை அடிக்கச் சொல்லும். கேட்டலாக் இருக்கும் சர்வர் ஓரிரவு நின்றுபோனால், அதோடு இணைந்தே தொடங்கும்படி எழுதிய பேக்கப் ஸ்கிரிப்டுகள் அத்தனையும் அந்த இரவு நின்றுபோகும். காப்பதற்காக வைத்த பொருளே காப்பைத் தடுக்கும் நிலை. கேட்டலாக் கிடைக்காவிட்டால் கன்ட்ரோல் ஃபைலை மட்டும் வைத்துப் பேக்கப்பை முடித்துவிட்டு, பிறகு கேட்டலாக்கை ரீசிங்க் செய்யும்படி ஸ்கிரிப்டை எழுதுவதுதான் சரியான முறை. அதை எழுதுபவருக்கு நோகேட்டலாக் வழி தெரிந்திருக்க வேண்டும்.

கேட்டலாக் ஒரு தரவுத்தளம் என்றால் அதற்கும் பேக்கப் வேண்டுமே. அதைத் தன்னிலேயே பதிந்து வைத்தால் அது போகும்போது கணக்கும் போகும். இன்னொரு கேட்டலாக்கில் பதிந்தால் அந்த இன்னொன்றை எதில் பதிவது? எவ்வளவு பெரிய நிறுவனமாக இருந்தாலும் இந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணி, கேட்டலாக் இல்லாமல் மீட்க வேண்டிய ஒரு தரவுத்தளம்தான்.

மற்ற தரவுத்தளங்கள் இதே கேள்விக்கு என்ன விடை கண்டன என்று பார்ப்பது பயனுள்ளது. எஸ்க்யூஎல் சர்வர் தன் பேக்கப் வரலாற்றை எம்எஸ்டிபி என்ற உள் தரவுத்தளத்தில் எழுதுகிறது. அது போனாலும் பேக்கப் கோப்பின் தலைப்பைப் படித்து உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லும் கட்டளைகள் உண்டு. போஸ்ட்கிரெஸ் மையக் கணக்கு எதையும் வைப்பதில்லை. அதன் லாக் கோப்புகளின் பெயர் 24 பதினாறடிமான எழுத்துகள். முதல் எட்டு எழுத்து எந்தக் காலக்கோட்டைச் சேர்ந்தது என்று சொல்லும், மீதி வரிசையைச் சொல்லும். பெயரைப் பார்த்தாலே அடுத்து எது வேண்டும் என்று தெரிந்துவிடும். 2020இல் வந்த 13ஆம் பதிப்பிலிருந்து ஒவ்வொரு முழு பேக்கப்போடும் அதிலுள்ள கோப்புகளின் பட்டியலும் சரிபார்ப்பு எண்களும் சேர்ந்தே வருகின்றன. வழிகள் வேறானாலும் மூன்றிலும் ஒன்று பொது: பேக்கப் தன்னைப் பற்றித் தானே சொல்லத் தெரிந்ததாக இருக்க வேண்டும்.

கடைசியாக ஒத்திகை. ஆர்மேனில் ரீஸ்டோர் வேலிடேட் என்றொரு வசதி உண்டு. மீட்காமலே, மீட்க முடியுமா என்று பேக்கப் கோப்புகளைப் படித்துச் சொல்லும். நல்ல வசதி, வாரந்தோறும் ஓட்ட வேண்டும். ஆனால் அது உயிரோடு இருக்கும் கன்ட்ரோல் ஃபைலைக் கேட்டுத்தான் பதில் சொல்கிறது. கன்ட்ரோல் ஃபைல் தொலைந்த இரவைப் பற்றி அது எதையும் நிரூபிக்கவில்லை. அதை நிரூபிக்க ஒரே வழி, வேறொரு சர்வரில், உற்பத்தித் தரவுத்தளத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாமல், பேக்கப் டைரக்டரியின் ஒரு பிரதியையும் ஒரு தாளில் எழுதிய டிபிஐடியையும் மட்டும் வைத்துக்கொண்டு தரவுத்தளத்தை எழுப்பிக் காட்டுவது. கேட்டலாக் வைத்திருப்பவர்களும் இந்த ஒத்திகையில் கேட்டலாக்கோடு இணையக் கூடாது என்று ஆரக்கிளின் கையேடே எச்சரிக்கிறது. இணைந்து ரீசெட்லாக்ஸ் போட்டுவிட்டால், ஒத்திகைத் தரவுத்தளத்தையே உண்மையான தரவுத்தளத்தின் புதுப் பிறவி என்று கேட்டலாக் எடுத்துக்கொள்ளும். ஆக ஒத்திகை எல்லோருக்கும் நோகேட்டலாக்தான்.

ஒத்திகையின்மை என்ன செய்யும் என்பதற்கு ஆரக்கிளுக்கு வெளியே ஒரு பொதுப்பதிவு இருக்கிறது. 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர், தவறான சர்வரில் இருக்கிறோம் என்று தெரியாமல் போஸ்ட்கிரெஸ் டேட்டா டைரக்டரியை அழித்துவிட்டார். சுமார் 300 ஜிபி. தினசரி பேக்கப்பைத் தேடியபோது அது வெறுமையாக இருந்தது. பேக்கப் கருவியின் பதிப்பும் சர்வரின் பதிப்பும் பொருந்தாமல் அது தொடர்ந்து தோற்றுக்கொண்டிருந்தது. தோல்வியைச் சொல்லும் மின்னஞ்சல்கள் அனுப்புநர் சரிபார்ப்பில் நிராகரிக்கப்பட்டதால் யாரையும் எட்டவில்லை. வேறு வேலைக்காக ஆறு மணி நேரம் முன்பு எடுத்திருந்த ஒரு ஸ்னாப்ஷாட்தான் காப்பாற்றியது. அவர்கள் அதை மறைக்காமல் முழுதாக எழுதி வெளியிட்டார்கள். நம் துறைக்கு அது பெரிய உதவி.

எங்கள் அலுவலகத்தில் அந்த இரவுக்குப் பிறகு கேட்டலாக் அமைக்கவில்லை. கன்ட்ரோல் ஃபைலை மூன்று டிஸ்க்குகளில் பிரித்தோம். கீப் டைமைக் கூட்டினோம். ஒவ்வொரு தரவுத்தளத்தின் பெயர், டிபிஐடி, ஆட்டோபேக்கப் இருக்கும் இடம் மூன்றையும் ஒரு தாளில் அச்சிட்டு, ஒன்றை சர்வர் அறைக் கதவிலும் ஒன்றை மேலாளரின் அலமாரியிலும் வைத்தோம். சோதனைத் தரவுத்தளங்களின் பேக்கப்பைத் தனி டைரக்டரிக்கு மாற்றினோம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, குழுவில் புதிதாகச் சேர்ந்தவரின் கையில் அந்தத் தாளைக் கொடுத்து வெற்றுச் சர்வரின் முன் உட்கார வைத்தோம். முதல் ஒத்திகைக்கு ஆறு மணி நேரம் ஆனது. நான்காவதற்கு ஒன்றரை மணி நேரம்.

இதைப் படிக்கும் நீங்கள் ஆரக்கிள் தரவுத்தளம் ஒன்றைக் கவனித்துக்கொள்பவர் என்றால், இன்று வேலை முடிந்து கிளம்புவதற்கு முன் ஆர்மேனைத் திறந்து டார்கெட்டோடு இணையுங்கள். இணைந்ததும் முதல் வரியில் அடைப்புக்குறிக்குள் டிபிஐடி வரும். அதைத் தாளில் எழுதி, உங்களுக்கு அடுத்து அந்த நாற்காலியில் உட்காரப் போகிறவருக்கும் தெரியும் இடத்தில் வையுங்கள்.